எல்லைக்கு அந்தப் பக்கம்

சில வருஷம் முன்பு என் பைக் திருடு போனது. ஸ்டேஷனுக்கு ஓடினேன். இடத்தைச் சொன்னதும் ஏட்டு, "ரோட்டுக்கு அந்தப் பக்கமா? அது நம்ம லிமிட் இல்ல சார்" என்றார். அடுத்த ஸ்டேஷனில் ரைட்டர் சாப்பிடப் போயிருந்தார். வந்ததும் மனுவைப் படித்துவிட்டு, "திருடு போச்சுன்னு எழுதாதீங்க, காணோம்னு எழுதுங்க" என்றார். மூன்று தடவை எழுதினேன். புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கைக்கு வரும்போது இருட்டிவிட்டது.

அப்புறம் ஒருநாள் 'தொண்டிமுதலும் திருக்சாட்சியும்' (2017) என்ற மலையாளப் படம் பார்த்தேன். பஸ்ஸில் சங்கிலியை அறுத்த திருடன் அதை விழுங்கிவிடுகிறான். காசர்கோடு பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, அது வெளியே வரட்டும் என்று போலீஸ் காத்திருக்கிறது. மொத்தப் படமும் கிட்டத்தட்ட இவ்வளவுதான்! போலீஸாக வருகிறவர்களில் பலர் நிஜப் போலீஸ்காரர்கள். புகார் கொடுத்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்த்ததும், பக்கத்தில் நானும் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

*

போலீஸ் விசாரணையின் அன்றாட வேலையையே கதையாகச் சொல்கிற இந்த வகை எனக்கு அறிமுகமானது ஹாஸ்டலில், அட்டை கிழிந்த 'ரோஸன்னா' நாவல் வழியாக. ஸ்வீடன்கார ஜோடி ஷோவால், வாலோ 1965இல் எழுதியது. மோட்டாலா அருகே கால்வாயில் ஒரு பெண்ணின் உடல் கிடைக்கிறது. அவள் யார் என்று தெரியவே மூன்று மாதம் ஆகிறது. அப்புறம் அவள் வந்த சுற்றுலாப் படகின் பயணிகள் பல நாடுகளில் எடுத்துப்போன போட்டோக்களைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். துப்பறியும் போலீஸ்காரர் மார்ட்டின் பெக் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வேலை பார்ப்பார். பாதியில் தூக்கி வைத்தேன், உண்மை. செமஸ்டர் லீவில் திரும்ப எடுத்தபோதுதான், அந்த இழுவைதான் கதையே என்று உறைத்தது.

*

என் மாமா ஏட்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். அவரோடு உட்கார்ந்து 'தீரன் அதிகாரம் ஒன்று' பார்த்தேன். சண்டை வந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். கைரேகையைத் தூக்கிக்கொண்டு மாநிலம் மாநிலமாக அலைகிற இடத்தில் மட்டும் நகரவில்லை. படம் முடிந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"சரிதான். ஆனா சம்பவ இடத்துல எழுதுற மகஜர்ல சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் கிடைக்காம டீக்கடைக்காரனைக் கெஞ்சுவோம்டா. அதை எவனும் எடுக்க மாட்டேங்கிறான்" என்றார்.