புதுப்பிப்பு: பல்லாவரம் சந்தையில் வாங்கிய கண்ணாடி சர்க்கரைத் தூவி

வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய பழைய கண்ணாடித் தூவி (மூடியின் ஓட்டைகள் வழியே சர்க்கரை தூவும் குப்பி) கையால் செதுக்கியதா, அச்சில் வார்த்ததா என்று முன்பு கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி விரலால் தடவிப் பார்த்தேன். பக்கவாட்டில் மெல்லிய அச்சுக் கோடு தட்டுப்படுகிறது. பூவேலைப்பாட்டின் விளிம்புகளும் மழுங்கல். ஆக, அச்சு வார்ப்புதான். விற்றவர் என்னவோ ‘கட் கிளாஸ் சார்’, அதாவது கையால் செதுக்கியது என்று அடித்துச் சொன்னார், சந்தைப் பேச்சு!

மூடியின் உட்புறம் ‘இ.பி.என்.எஸ்.’ முத்திரை இருக்கிறது. அதாவது நிக்கல் கலந்த உலோகத்தின் மேல் வெள்ளி முலாம். அழுத்தித் தேய்த்தால் முலாம் போய்விடும் என்பதால் மென்துணியோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம், சென்னை ஈரக்காற்றில் மாவாக அரைத்த சர்க்கரை கட்டிதட்டி ஓட்டைகளை அடைக்கிறது. அதற்குப் பதில் சர்க்கரையை மிக்ஸியில் ஒரே சுற்று மட்டும் ஓட்டி, அன்றைக்குத் தேவையானதை மட்டும் நிரப்பினால் சரியாக விழுகிறது. விலை கேட்டவர்களுக்கு: விற்கவில்லை.