வீட்டு மனை இடிபாடு: அரசு லாரி உள்ளே வர என்ன வேண்டும்?

சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் புயலோ காட்டுத்தீயோ அடித்த ஊர்களில் இருக்கும் நம்மவர்கள் பலர், இடிபாட்டை எடுக்கச் சொல்லி ஃபீமாவுக்கு (FEMA, மத்திய அரசின் பேரிடர் உதவி முகமை) போன் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். அங்கே கேட்டுப் பயனில்லை. இந்த வேலைக்கு ஃபீமா பணம் தருவது கவுண்டிக்கோ (நம் மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகம்) நகராட்சிக்கோ மாநிலத்துக்கோதான். தனியார் மனையைச் சுத்தம் செய்வது பொதுவாக உரிமையாளர் பொறுப்பு. சேதம் பரவலானது, பொதுமக்கள் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்று உள்ளூர் நிர்வாகம் எடுத்துச்சொல்லி, ஃபீமா ஒப்புக்கொண்டால்தான் அரசு ஆட்கள் வாசலைத் தாண்டுவார்கள். கவுண்டியிடமே கேளுங்கள்: தனியார் மனைத் திட்டம் அறிவித்தாயிற்றா, படிவத்துக்குக் கடைசி நாள் எது?

அறிவிக்காத ஊரில் சாலையோரம் கொண்டுவந்து போட்டதை மட்டுமே அள்ளுவார்கள். மரம், கிளை ஒரு குவியல். மரச்சட்டம், சுவர்ப்பலகை, கார்ப்பெட் இன்னொன்று. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் தனி. பெயின்ட், பூச்சிமருந்து, பேட்டரி எதனோடும் சேரக்கூடாது. ஒவ்வொன்றும் போய்ச்சேரும் இடம் வேறு என்பதால், கலந்து கிடக்கும் குவியலை லாரிக்காரர் அப்படியே விட்டுப்போவார். மின்கம்பிக்கு அடியிலும், தண்ணீர் மீட்டர், தீயணைப்புக் குழாய் பக்கத்திலும் குவிக்காதீர்கள். இரும்புக் கொக்கியால் அள்ளும் லாரி அங்கே வேலை செய்யாது.

திட்டம் உண்டென்றால் எல்லாம் 'ரைட் ஆஃப் என்ட்ரி' என்ற நுழைவு அனுமதிப் படிவத்தில்தான் இருக்கிறது. கையெழுத்து உரிமையாளருடையது, வாடகைக்கு இருப்பவர் போட முடியாது. பத்திரத்தில் இரண்டு பெயர் இருந்து ஒருவர் மட்டும் போட்டாலோ, இறந்தவர் பெயரிலேயே வீடு இருந்தாலோ படிவம் அங்கேயே நின்றுவிடக்கூடும். செப்டிக் டேங்க், கிணறு, புரொப்பேன் டேங்க் இருக்கும் இடங்களை வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள். கனரக வண்டி மேலே ஏறி செப்டிக் மூடி நொறுங்கினால், அரசைப் பொறுப்பாக்க மாட்டேன் என்று அதே படிவத்தில் நீங்கள் எழுதிக்கொடுத்திருப்பீர்கள்.

காப்பீடுதான் பலர் குழம்பும் இடம். ஒரே வேலைக்கு இரண்டு பக்கமும் பணம் வாங்கக்கூடாது என்பது விதி. பாலிசியில் இடிபாடு அகற்ற என்று தனித்தொகை இருந்தால் அது கவுண்டிக்குப் போகும். அந்தத் தொகையை வேறு செலவுக்கு எடுத்துவிடாதீர்கள்.

2025 ஜனவரி லாஸ் ஏஞ்சலஸ் தீயில் (ஈட்டன், பாலிசேட்ஸ் இரண்டிலும்) வேலை இரண்டு கட்டமாக நடந்தது. முதலில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை லித்தியம் பேட்டரி, ரசாயனங்களை எடுத்தது. பிறகு ராணுவப் பொறியாளர் படை சாம்பலையும் இடிபாட்டையும் அள்ளியது. படையை வேண்டாம் என்றவர்கள் உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதி வாங்கித் தங்கள் செலவில் ஒப்பந்ததாரரை வைக்க வேண்டியிருந்தது. பாதியை நீங்களாக அள்ளிவிட்டு மீதியை அரசிடம் விடும் யோசனை வேண்டாம். திட்டத்திலிருந்தே மனையை நீக்க இடமுண்டு.

அங்கே சாம்பல் பரவிய இடத்தில் 6 அங்குலம் வரை மண்ணை எடுத்தார்கள். அதைவிட ஆழமாக ஃபீமா தோண்டவுமில்லை, முன்பு கலிபோர்னியாத் தீக்களில் வழக்கமாக இருந்ததுபோல் மண்ணைச் சோதிக்கவுமில்லை. என் பார்வையில் இது பெரிய குறை. கட்டுமானம் தொடங்குமுன் ஈயம், ஆர்சனிக் இரண்டுக்கும் சொந்தச் செலவில் சோதனை செய்துகொள்வது நல்லது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் கட்டாயம்.

அரசு செலவில் அகற்றும் ஆபத்தான மரங்களுக்கு அளவு உண்டு. தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் 6 அங்குல விட்டமாவது இருக்க வேண்டும். கூடவே 30 பாகைக்கு மேல் சாய்ந்தோ, தண்டு பிளந்தோ, மேல்கிளைகள் முறிந்தோ இருக்க வேண்டும். முறிந்து தொங்கும் கிளை என்றால் முறிந்த இடத்தில் 2 அங்குலம். பொதுவழி மேல் விழ வாய்ப்பில்லாத மரம் பெரும்பாலும் உங்கள் செலவுதான். ஆள் வருமுன் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்துவிடுங்கள்.