எம்ஜிபி 1800: இன்ஜினை வீட்டு கராஜிலேயே பிரித்துக் கட்டலாமா?

நீலப்புகை:
1967 எம்ஜிபி ரோட்ஸ்டர் (பழைய பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்), 1798 சிசி, கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் ஐந்து மெயின் பேரிங் கொண்ட இன்ஜின். இருப்பது இங்கிலாந்தில், ஒரே ஒரு கார் நிற்கும் கராஜ். மேட்டிலிருந்து இறங்கும்போது பின்னால் நீலப்புகை அள்ளுகிறது, நன்றாகச் சூடேறிய பிறகு ஐடிலில் ஆயில் பிரஷர் 10 பிஎஸ்ஐக்குக் கீழே போய்விடுகிறது. முழு ஓவர்ஹாலுக்கு ஒரு ஸ்பெஷலிஸ்ட் சொன்ன தொகை என் பட்ஜெட்டைத் தாண்டுகிறது. பிரேக், கிளட்ச், கார்பரேட்டர் எல்லாம் நானே பார்ப்பேன், இன்ஜின் உள்ளே மட்டும் கை வைத்ததில்லை. வீட்டிலேயே செய்யலாமா?

மைக்ரோமீட்டர்:
வேண்டாம் தம்பி. இன்ஜின் ரீகண்டிஷன் பட்டறையில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். பிளாக்கைப் போர் போட (சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்க) மெஷின் ஷாப்புக்குப் போகணும், கிராங்கை அண்டர்சைஸுக்கு (ஒரு படி சிறிய அளவுக்கு) கிரைண்ட் பண்ணவும் அங்கேதான், ஹெட்டில் வால்வு சீட் போடவும் அங்கேதான். வீட்டில் மிஞ்சுவது கழுவுவதும் போல்ட் முறுக்குவதும். ஊர் கூடித் தேர் இழுத்த பிறகு நானே இழுத்தேன் என்று சொல்வது போலத்தான் இது. பேசாமல் பழையதைக் கொடுத்து எக்ஸ்சேஞ்சில் ரெடி இன்ஜின் வாங்கிப் போடுங்கள், வாரண்டியும் கிடைக்கும்.

கராஜ்வாசி:
அந்தக் 'கழுவுவது'தான் சார் முக்கால்வாசி வேலை! கிராங்க் கிரைண்டிங் முடிந்து வரும்போது ஆயில் ஓட்டைகளுக்குள் பொடி இருக்கும், பிளாக்கின் ஆயில் கேலரி (உள்ளே ஆயில் ஓடும் பாதை) பிளக்கைக் கழற்றி நீள பிரஷ் விட்டு இழுத்தால் ஐம்பது வருடக் கசடு கருப்பாக வரும். அவசரத்தில் இருக்கும் பட்டறை அந்த பிளக்கைக் கழற்றுமா? நான் எக்ஸ்சேஞ்சில் வாங்கிய இன்ஜின் ஒன்றைப் பிறகு பிரித்தபோது உள்ளே பழைய பிளக் பழைய இடத்திலேயே இருந்தது, மேலே மட்டும் பளபளவென்று பெயிண்ட். அப்புறம், எக்ஸ்சேஞ்ச் என்றால் காரோடு பிறந்த இன்ஜினைக் கொடுத்துவிட்டு வேறெதையோ வாங்குகிறீர்கள். பதிவுப் பத்திரத்தில் எண்ணை மாற்ற வேண்டும், நாளைக்கு விற்கும்போது அதையும் கேட்பார்கள்.

பழையபெட்ரோல்:
ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். இன்ஜினை இறக்க வேண்டுமா என்றே இன்னும் தெரியவில்லையே? ஆக்சிலரேட்டரை விட்டு இறக்கத்தில் வரும்போது புகைந்தால் முதல் சந்தேகம் வால்வு கைடு (வால்வு ஏறி இறங்கும் குழாய்), ஆயில் சீல். அது ஹெட் வேலை, இன்ஜின் காரிலேயே இருக்கலாம். பிரஷருக்கு வேறொரு கேஜ் மாட்டிப் பாருங்கள், ஆயில் பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்கையும் பாருங்கள். கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள், எது குறைவாக இருக்கிறதோ அந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். ஏறினால் ரிங் அல்லது போர், ஏறாவிட்டால் வால்வு.

நீலப்புகை:
கம்ப்ரஷன் எடுத்தேன். நாலு சிலிண்டரிலும் வரிசையாக 155, 150, 105, 150 பிஎஸ்ஐ. மூன்றாவதில் ஆயில் விட்டதும் 140. வேறு கேஜிலும் பிரஷர் அதேதான்.

பழையபெட்ரோல்:
சரி, அப்போ இறக்கித்தான் ஆகணும். ஹெட்டையும் விட்டுவிடாதீர்கள். இங்கே லெட் (ஈயம் கலந்த) பெட்ரோல் 1999 முடிவோடு கடைகளில் நின்றுவிட்டது, அந்த ஈயம்தான் பழைய சீட்டுகளைத் தேயாமல் காத்தது, சீட் மாற்றாத ஹெட் என்றால் எக்ஸாஸ்ட் சீட் உள்ளே தேய்ந்து போயிருக்கலாம். சீட்டுகளுக்கு இடையில் விரிசல் இருக்கிறதா என்று முதலில் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், விரிசல் விட்ட ஹெட்டில் புது சீட் போட்டுப் பணத்தைக் கரைக்காதீர்கள்.

மைக்ரோமீட்டர்:
பார்த்தீர்களா, பட்டியல் நீள்கிறது. நான் ஒரு வழி சொல்கிறேன்: பிளாக், கிராங்க், பிஸ்டன் மூன்றையும் மெஷின் ஷாப்பே கட்டித் தரட்டும். ஹெட், வாட்டர் பம்ப், கார்பரேட்டர் எல்லாம் நீங்கள் மாட்டுங்கள். கீழ்ப்பகுதியில் ஒரு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தப்பினால் மொத்தமும் போச்சு. மெயின் பேரிங் இடைவெளியே ஒன்று முதல் 2.7 தௌ வரைதான், கண்ணால் பார்த்துச் சொல்லும் சமாச்சாரம் இல்லை.

கராஜ்வாசி:
கண்ணால் பார்க்கச் சொன்னது யார்? பிளாஸ்டிகேஜ் என்ற நசுங்கும் அளவு நூலை ஜர்னல் (பேரிங்கில் உட்காரும் கிராங்க் பகுதி) மேல் வைத்து, கேப்பை 70 பவுண்டு-அடிக்கு முறுக்கி, கழற்றி, நசுங்கிய அகலத்தை அட்டையோடு ஒப்பிடுங்கள். நூல் இருக்கும்போது கிராங்கைத் திருப்பக் கூடாது, அவ்வளவுதான். ரிங்கை போருக்குள் பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி ஃபீலர் கேஜ் விடுங்கள், ஓர் அங்குல போருக்கு நாலு தௌ என்ற கணக்கில் இந்த இன்ஜினுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று தௌ வரும். இது பி-சீரிஸ் இன்ஜின்: வார்ப்பிரும்பு பிளாக், பக்கவாட்டு கேம், புஷ்ராட். இதையும் வீட்டில் கட்டக்கூடாது என்றால் எதைத்தான் கட்டுவது? ஏர்-கூல்டு போர்ஷே 911 என்று கேட்டிருந்தால் நானே உங்கள் பக்கம் வந்திருப்பேன்.

மைக்ரோமீட்டர்:
எளிது என்றே வைத்துக்கொள்வோம். முதல் ஸ்டார்ட்? புது கேமும் (வால்வுகளை இயக்கும் தண்டு) அதன் லோப் என்ற மேடுகளில் உரசும் புது டாப்பெட்டும் போட்டு, ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விட்டுக் கார்பரேட்டர் ட்யூன் பண்ணிக்கொண்டு நிற்பார்கள். கேம் லோப் அங்கேயே சீவிப் போகும், உதிர்ந்த இரும்பு புது பேரிங்குக்குள் போகும். பில் யாருக்கு?

கராஜ்வாசி:
அந்தப் பயம் நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு வழிமுறை இருக்கிறதே. லோப்களில் அசெம்பிளி பேஸ்ட், ஜிங்க் அதிகம் உள்ள ஆயில். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஆயில் பிரஷர் ஏறும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். டைமிங்கை முன்கூட்டியே வைத்துவிட்டு, பற்றியதும் நேராக 2000 ஆர்பிஎம்முக்கு மேல், ஏற்றி இறக்கி இருபது நிமிடம். பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் அந்த வாரண்டி பேப்பரை ஒருமுறை படித்துப் பாருங்கள் சார், இன்ஜினைக் கழற்றி மறுபடி மாட்டும் கூலி அதில் இருக்கிறதா என்று.

மைக்ரோமீட்டர்:
சில இடங்களில் இருக்கும். கேட்டுத்தான் கொடுக்கணும், அதையும் நான்தான் சொல்லணுமா.

நீலப்புகை:
இறக்குவது என்று முடிவு செய்துவிட்டேன். கியர்பாக்ஸோடு சேர்த்து எடுப்பதா, தனியாகவா? கீழ்ப்பகுதியை யார் கட்டுவது என்று பிளாக்கை அளந்த பிறகு பார்க்கலாம்.

பழையபெட்ரோல்:
சேர்த்தே எடுங்கள், திரும்ப மாட்டும்போது கிளட்ச் ஸ்ப்ளைனோடு (கியர்பாக்ஸ் தண்டு நுழையும் பல்வரிசை) மல்லுக்கட்ட வேண்டாம். ரேடியேட்டர், அதன் பின்னால் இருக்கும் தகடு ரெண்டையும் முதலில் கழற்றிவிடுங்கள். கியர்பாக்ஸ் ஆயிலையும் வடித்துவிடுங்கள், சாய்த்துத் தூக்கும்போது பின்பக்கம் வழியாகத் தரையெல்லாம் கொட்டும்.

மைக்ரோமீட்டர்:
பிஸ்டன் மட்டும் இப்போதே ஆர்டர் பண்ணிவிடாதீர்கள். போர் அளந்த பிறகுதான் இருபது தௌ பெரிய பிஸ்டனா நாற்பதா என்று தெரியும். பிஸ்டனைக் கையில் கொடுத்தால்தான் ஷாப்பும் அதன் அளவுக்குப் போர் போடும்.

கராஜ்வாசி:
இதில் மட்டும் சார் சொல்வதைக் கேளுங்கள்.