லிங்கனுக்குப் பிந்தைய அமெரிக்கா பற்றித் தமிழில் என்ன படிக்கலாம்?
நண்பர்களே, ஒரு உதவி. அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றித் தமிழில் ஓரளவு கிடைக்கிறது, ஆனால் போர் முடிந்த 1865-க்கு அப்புறம் நடந்ததைப் பற்றி உருப்படியாக எதுவும் என் கண்ணில் படவில்லை. 1870-லேயே ஹிராம் ரெவல்ஸ் என்ற கறுப்பினத்தவர் தெற்கு மாநிலமான மிசிசிப்பியிலிருந்து செனட்டுக்குப் போகிறார், அதே ஆண்டு அரசியல் சட்டத்தின் 15-வது திருத்தம் கறுப்பின ஆண்களின் வாக்குரிமைக்குக் காப்பாக வருகிறது. 1877-இல் தெற்கில் மத்திய அரசின் படை பின்வாங்கியதும் நிலைமை தலைகீழ். 1890-இல் அதே மிசிசிப்பி தலைவரி (வாக்களிக்கக் கட்ட வேண்டிய வரி), எழுத்தறிவுச் சோதனை என்று வைத்துக் கறுப்பினத்தவரை வாக்காளர் பட்டியலிலிருந்தே விரட்டுகிறது, திருத்தம் என்னவோ அப்படியேதான் இருக்கிறது! 1898-இல் உச்ச நீதிமன்றம் இதை எந்த அடிப்படையில் ஏற்றது? சட்டம் படித்தவர்கள் யாராவது கொஞ்சம் விளக்குங்களேன். அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டும் நிலம் கிடைக்காமல் பழைய முதலாளியிடமே வாரத்துக்கு (விளைச்சலில் பங்கு கொடுத்து) பயிரிட்டவர்களைப் பற்றிய கட்டுரை இருந்தாலும் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பானாலும் சரி.