பொருள்: ‘ஆல் சேனல்ஸ் டிரிவன்’ – தமிழில் எப்படி?

ஒரே ஏழு சேனல் ரிசீவருக்கு (ஹோம் தியேட்டரில் ஏழு ஸ்பீக்கரையும் ஓட்டும் பெருக்கிப் பெட்டி) அட்டைப்பெட்டியில் 150 வாட், கையேட்டில் 95 வாட். இரண்டும் பொய்யில்லை. 150 என்பது 6 ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை), 1 கிலோஹெர்ட்ஸ், 10% உருக்குலைவு (டிஸ்டார்ஷன்), ஒரே ஒரு சேனல். 95 என்பது 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08%, இரண்டு சேனல். ஏழும் ஒன்றாக ஓடினால் தலைக்கு எத்தனை வாட்? செகண்ட் ஹேண்ட் வாங்குபவர் கேட்க வேண்டியது அதைத்தான். இந்த ‘ஆல் சேனல்ஸ் டிரிவன்’ அளவை ‘முழுத்தடத் திறன்’ எனலாமா?

———

> முழுத்தடத் திறன்

‘முழு’ உதைக்கிறது, முழு அலைவெண் பட்டை என்று படிக்க இடமிருக்கிறது. நடப்பதைப் பாருங்கள்: ஏழு பெருக்கிகளுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர், ஒரே ஜோடி பெரிய கெபாசிட்டர். 8 ஓமில் 95 வாட் தர ஸ்பீக்கர் முனையில் 27.5 வோல்ட் வேண்டும். ஏழும் சேர்ந்து இழுக்கையில் சப்ளை தொய்ந்து 20 வோல்ட்தான் கிடைத்தால், 50 வாட். உடன் இயங்குவதால் வரும் குறை இது. ஆகவே ‘உடனியங்கு திறன்’. (காதுக்கு இந்த இழப்பு 3 டெசிபெல்கூட இல்லை. அதற்காகப் பெட்டியை ஒதுக்க வேண்டாம்.)

———

> உடனியங்கு திறன்

முன்பாதி நன்று. பின்பாதி இலங்கையில் சறுக்கும். எங்கள் பாடநூல்களில் பவர் ‘வலு’; ‘திறன்’ என்றால் எஃபிசியன்சி. ‘திறன் கூடிய ஸ்பீக்கர்’ என்று எழுதினால் நாங்கள் குறைந்த மின்சாரத்தில் உரக்கப் பாடும் ஸ்பீக்கர் என்று விளங்கிக்கொள்வோம். தமிழக வாசகர் நிறைய வாட் தாங்குவது என்று எடுத்துக்கொள்வார். ஒரே வாட்டில் 87 டெசிபெல் ஒலி தரும் ஸ்பீக்கர், 90 டெசிபெல் தரும் ஸ்பீக்கர் அளவுக்கு உரக்கப் பாட இரு மடங்கு வாட் வேண்டும். குழம்பினால் ரிசீவர் தேர்வே பிழைத்துவிடும்.

———

அப்படியானால் திறனும் வேண்டாம், வலுவும் வேண்டாம்: ‘உடனியங்கு வாட்’. கடையில் எல்லோரும் “எத்தனை வாட்?” என்றுதானே கேட்கிறார்கள்! இலங்கையில் ‘உவாற்று’ என எழுதினாலும் அளவு ஒன்றே. (‘ரிசீவர்’ அப்படியே இருக்கட்டும். ‘பெறுவி’ என்றால் வானொலிப் பெட்டிதான் நினைவுக்கு வரும்.)

சொற்பட்டியல் பதிவுக்கான வரைவு:

உடனியங்கு வாட்: எல்லாச் சேனல்களும் ஒருசேர இயங்கும்போது ஒவ்வொன்றும் விடாமல் தரும் வாட், உருக்குலைவு அளவுடன் எழுதுக. இது கிடைக்காதபோது எடை ஓரளவு துப்புத் தரும்: 9 கிலோ ஏழு சேனல் பெட்டியில் டிரான்ஸ்ஃபார்மர் சிறிது, 18 கிலோ என்றால் பெரிது. கிளாஸ் டி பெருக்கிக்கு (ஸ்விட்சிங் முறையில் ஓடும், எடை குறைந்த வகை) இந்தக் கணக்கு செல்லாது. பின்பக்கம் அச்சிட்ட மின்நுகர்வு முழு வேகத்தில் இழுப்பது அல்ல. அதைச் சேனலால் வகுக்காதீர்கள். ஆனால் அங்கே ‘120 வோல்ட்’ மட்டும் இருந்தால் அமெரிக்கப் பெட்டி. 230-இல் நேராகச் செருகினால் பவர் சப்ளை போய்விடும்.

———

வரைவு சரி. ‘உருக்குலைவு அளவுடன்’ என்பதற்கு முன் ‘ஓம்’ விட்டுப்போயிற்று. அது இல்லாமல் 6 ஓம் கணக்கைக் காட்டி ஏமாற்றலாம். சேர்த்துவிடுங்கள்.