டிசம்பர் இலையை ஜூனில் எடைபோட்ட கதை

குன்னூரிலிருந்து:

எழுத்தாக வரும் தேதியை டைம்ஸ்டாம்ப் (தேதியும் நேரமும் சேர்ந்த வகை) ஆக்கி டேட்டாபேஸில் ஏற்றும்போது அடிபடாதவர்கள் குறைவு. என் முறை 2019 ஜூனில் வந்தது.

சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் ஒரு ஃபேக்டரி. எடை மெஷினோடு இருந்த கம்ப்யூட்டர் ஒவ்வொரு எடைக்கும் '12/06/2019 16:40' என்று ஒரு வரி எழுதிவைக்கும். அந்த வரிகள் இருந்த சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த) கோப்புகளை எடுத்து, பைத்தானில் பாண்டாஸ் என்ற லைப்ரரி வைத்துத் தேதியை மாற்றி, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஏற்றினேன். ஒரு எர்ரர்கூட இல்லை. வரிகளின் எண்ணிக்கை சரி, மொத்தக் கிலோவும் சரி. நிம்மதியாக டீ குடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் ரிப்போர்ட்டைப் பார்த்த கணக்காளர் கூப்பிட்டார். "தம்பி, டிசம்பர் மாச இலையை இப்பவே எடைபோட்டுட்டீங்களா? பனி விழுந்தா இலையே இருக்காதேப்பா!"

பார்த்தால் ஜூன் 12 ஆக வேண்டிய 12/06, டிசம்பர் 6 ஆகியிருந்தது. வடிவத்தைச் சொல்லாமல் விட்டால், பாண்டாஸின் அப்போதைய பதிப்பு முதலில் வருவது மாதம் என்று எடுத்துக்கொள்ளும். 13/06 வந்தால்? பதின்மூன்றாவது மாதம் கிடையாது, அதனால் சத்தமில்லாமல் புரட்டி, நாள்தான் முதலில் என்று படித்துவிடும். ஒரே கோப்பில் வரிக்கு வரி வேறு முடிவு! 13-ம் தேதி முதல் எல்லாம் சரி, 12 வரை எல்லாம் தலைகீழ். 05/05, 06/06 மாதிரி நாள்கள் மட்டும் தப்பித்தன. மே 6-ம் தேதி இலை போட்டவரின் கிலோ ஜூன் 5-ல் போய் உட்கார்ந்திருந்தது. பட்டுவாடாவுக்கு முன்பே பிடித்தது அதிர்ஷ்டம். 2023-ல் வந்த 2.0 பதிப்பு முதல் வரியைப் பார்த்து ஒரே வடிவத்தைப் பிடித்துக்கொள்கிறது, பொருந்தாத வரி வந்தால் எர்ரர் கொடுக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், கோப்பை அப்படியே டேபிளில் ஏற்றும் போஸ்ட்கிரெஸின் காப்பி கட்டளையில் நேரே ஏற்றியிருந்தால் அன்றே தப்பித்திருப்பேன். அங்கேயும் தேதியை எப்படிப் படிப்பது என்று சொல்லும் டேட்ஸ்டைல் அமைப்பு வழக்கமாக மாதம் முதலில் என்றுதான் இருக்கும். ஆனால் 13/06 வரியில் 'வரம்புக்கு வெளியே' என்று கத்தி, முழு ஏற்றத்தையும் நிறுத்திவிடும். எனக்கு அந்தக் கூச்சல் கிடைக்கவில்லை.

அப்புறம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, முதலில் எழுத்தாகவே ஒரு தற்காலிக டேபிளில் ஏற்றினேன். அங்கிருந்து டு_டைம்ஸ்டாம்ப் ஃபங்ஷனில் 'டிடி/எம்எம்/ஒய்ஒய்ஒய்ஒய் ஹெச்ஹெச்24:எம்ஐ' என்று வடிவத்தை எழுதிக்கொடுத்து மாற்றினேன். இன்றைய தேதியைத் தாண்டிய வரி உண்டா, ஞாயிற்றுக்கிழமை எடை விழுந்திருக்கிறதா என்று இரண்டு கேள்வி. இரண்டுக்கும் பூஜ்யம் வந்த பிறகுதான் ரிப்போர்ட்டை அனுப்பினேன்.

கோத்தகிரியிலிருந்து:

நிமிடத்தைக் குறிக்கும் அந்த 'எம்ஐ'யில் நான் விழுந்தேன். டைம்ஸ்டாம்பைத் திரும்ப எழுத்தாக்கும்போது நிமிடத்துக்கும் 'எம்எம்' போட்டுவிட்டேன். எம்எம் என்றால் மாதம். ஜூன் மாதச் சீட்டு முழுக்க 7:06, 8:06, 11:06, 16:06. விவசாயிகள் எல்லாரும் மணி அடித்தபடி ஆறாவது நிமிடம் வந்து நின்றிருக்கிறார்கள்!

ஊட்டியிலிருந்து:

எனக்குத் தேதி சரி, நேரம் போச்சு. மேட்டுப்பாளையம் போகும் கேரட் லாரிகளின் பதிவு. சர்வர் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் ஓடியது, கோப்பில் இருந்தது நம் நேரம். நான் எதுவும் சொல்லாததால் நம் நேரத்தையே யுடிசி என்று எடுத்துக்கொண்டது. அலுவலகத்தில் திறந்தால் எல்லாம் ஐந்தரை மணி நேரம் கூடித் தெரியும். 31-ம் தேதி இரவு 7:10-க்குக் கிளம்பிய லாரி, 1-ம் தேதி நள்ளிரவு தாண்டி 12:40-க்குக் கிளம்பியதாகக் காட்டியது. மாதக் கடைசி வாடகைக் கணக்கு பாழ். ஏற்றும் முன் அந்த இணைப்பின் (செஷன்) டைம்ஸோனை, அதாவது நேர மண்டலத்தை, இந்திய நேரமான ஏசியா/கொல்கத்தா என்று வைத்ததும் தீர்ந்தது.

கொடைக்கானலிலிருந்து:

நீங்கள் சொன்ன அந்த ஏசியா/கொல்கத்தாவையே வைத்துத்தான் நான் திகைத்தேன். ஒரு எஸ்டேட்டின் பழைய மழைப் பதிவேட்டை ஏற்றினேன். 1905-ம் வருட வரிகளின் வாலில், யுடிசியோடு உள்ள வித்தியாசம் +05:30 என்பதற்குப் பதில் +05:21:10 என்று வந்தது. கோப்பு கெட்டுவிட்டது என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன். கெடவில்லை. 1906-ல் இந்திய நேரம் வருவதற்கு முன் இருந்த மெட்ராஸ் நேரம் அது. டைம்ஸோன் பட்டியல் அதை ஞாபகம் வைத்திருக்கிறது. போர்க்காலத்தில் 1942 முதல் 1945 வரை +06:30 என்று வருவதும் அப்படியே, அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள்.

இங்கே மலைமேல் இருக்கும் சூரிய ஆய்வகத்தின் பழைய படங்கள் என்றால் மணி நிமிடம் வேண்டும். நாளுக்கு ஒரு மழை அளவுக்கு எதற்கு டைம்ஸ்டாம்ப்? கட்டத்தை வெறும் 'டேட்' வகைக்கு மாற்றினேன், வால் போய்விட்டது.

குன்னூரிலிருந்து:

கணக்காளர் இன்னும் விடவில்லை. ஒவ்வொரு ஜூனிலும் போன் வருகிறது: "தம்பி, டிசம்பர் இலை வந்துருச்சா?"