கலைச்சொல்: ‘ஆளுமைக் கோட்பாடு’ வேண்டாம், ‘ஆள்வழி’ போதும்

ஐயா, வணக்கம். மொழிக்கொள்கைக் கலைச்சொற்களுக்கு நீங்கள் தந்த பட்டியலில் இந்த இரண்டைப் பற்றி எழுதுகிறேன்.

> பெர்சனாலிட்டி பிரின்சிபிள் = ஆளுமைக் கோட்பாடு
> டெரிட்டோரியாலிட்டி பிரின்சிபிள் = பிராந்தியக் கோட்பாடு

முதலாவதை ஏற்க மனம் வரவில்லை. ‘ஆளுமைக் கோட்பாடு’ என்று போட்டால் நாளைக்கே அது தன்னம்பிக்கைப் பயிலரங்கின் தலைப்பாகிவிடும். இருமொழி நாடுகளில் கேள்வி ஒன்றுதான்: அரசு அலுவலகத்தில் எந்த மொழியில் பதில் கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது வந்து நிற்கும் ஆளா, அலுவலகம் நிற்கும் மண்ணா? ஆகவே ‘ஆள்வழி மொழியுரிமை’, ‘நிலவழி மொழியுரிமை’ என்று வைக்கலாம்.

நிலவழிக்குப் பெல்ஜியத்தை விஞ்ச ஆளில்லை. 1962-63 சட்டங்கள் மொழி எல்லையைக் கோடு கிழித்து நிறுத்திவிட்டன. வடக்கே டச்சு, தெற்கே பிரெஞ்சு, கிழக்கு ஓரத்தில் ஜெர்மன். பிரசல்ஸ் மட்டும் இருமொழி. பிரசல்ஸை ஒட்டி, கோட்டுக்கு வடக்கே லிங்கெபேக் முதலான ஆறு ஊர்களில் பிரெஞ்சு பேசுவோருக்குச் சலுகை உண்டு. ஆனால் 1997இல் டச்சு பேசும் வடபகுதியான பிளாண்டர்ஸின் அரசு ஒரு சுற்றறிக்கை விட்டது: பிரெஞ்சில் ஆவணம் வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்க வேண்டும். ‘இவருக்குப் பிரெஞ்சு’ என்று ஒருதரம் குறித்துவைத்துக்கொண்டு தொடர்ந்து அனுப்பக் கூடாது. அப்படி அனுப்பினால் உரிமை ஆளோடு ஒட்டிக்கொண்டுவிடும் அல்லவா?

கனடாவின் கூட்டரசு நேர்மாறு. 1982 உரிமைப் பட்டயத்தின்படி, ஆங்கிலம் கோலோச்சும் வான்கூவரில் குடியிருப்பவரும் கூட்டரசின் தலைமை அலுவலகங்களுக்குப் பிரெஞ்சில் எழுதிப் பதில் பெறலாம். (கிளை அலுவலகங்களுக்குப் ‘போதிய தேவை’ என்றொரு நிபந்தனை இருக்கிறது. அது கிளைக்கதை.)

> ‘பிராந்தியம்’ எல்லோருக்கும் புரியுமே?

புரியும். ஆனால் ‘பிராந்திய மொழி’ என்றாலே இந்தியாவில் ஒருபடி கீழே உட்காரவைக்கும் வாடை அடிக்கிறது. நிலத்துக்கு மரபும் இருக்கிறது: ‘செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலம்’ என்பது தொல்காப்பியம். இன்னொரு நண்பர் சொன்ன ‘திணைவழி’ காதுக்கு இனிமைதான். ஆனால் பெல்ஜியத்துக் கோடு மலையையும் கடலையும் பார்த்துப் போட்டதல்லவே.

சிக்கல் பின்லாந்தில். பின்னிஷ், சுவீடிஷ் இரண்டும் அங்கே தேசிய மொழிகள். சுவீடிஷ் பேசுவோர் சுமார் 5 விழுக்காடுதான். ஓர் ஊராட்சியில் சிறுபான்மை மொழியினர் 3,000 பேராவது 8 விழுக்காடாவது இருந்தால் அது இருமொழி ஊராட்சி. பத்தாண்டுக்கு ஒருமுறை மறுகணக்கு. ஆக, தலையை எண்ணி மண்ணின் மொழியை மாற்றுகிறார்கள். பின்லாந்துக்கே உட்பட்ட ஓலந்துத் தீவுகளுக்கு இந்தக் கணக்கே கிடையாது, அங்கே சுவீடிஷ் மட்டும். இதற்கு ‘கலப்பு’ என்று பெயர் சூட்டித் தப்பிக்கலாம். எனக்கென்னவோ ‘தொகைவழி’ பிடித்திருக்கிறது.

அன்புடன்.

———

வணக்கம்.

> எனக்கென்னவோ ‘தொகைவழி’ பிடித்திருக்கிறது.

தொகை என்றதும் பணம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ‘எண்ணிக்கைவழி’ கொஞ்சம் நீளம், ஆனால் மயக்கம் இல்லை. மற்ற இரண்டுக்கும் என் ஆதரவு.

மூன்றையும் சோதித்துப் பார்க்க இலங்கை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை ஒன்றே போதும். வடக்கு, கிழக்கில் நிருவாக மொழி தமிழ், ஏனைய மாகாணங்களில் சிங்களம்: நிலவழி. தெற்கே காலி நகரில் ஒருவர் அரச அலுவலருக்குத் தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெற உரித்துடையவர்: ஆள்வழி. மொழிச் சிறுபான்மையினரின் விகிதத்தைக் கருதி ஓர் உதவி அரசாங்க அதிபர் பிரிவில் (மாவட்டத்தின் உட்பிரிவு) இரு மொழிகளையும் பயன்படுத்துமாறு சனாதிபதி பணிக்கலாம்: எண்ணிக்கைவழி. நடைமுறை எப்படி இருக்கிறது என்பது வேறு வழக்கு; பட்டியலில் இச்சொற்களுக்கு எடுத்துக்காட்டாக இதையே வையுங்கள்.

ஒரு திருத்தம். ‘மொழியுரிமை’யை ‘மொழிமுறை’ ஆக்கிவிடலாமா? லிங்கெபேக்கில் ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்குகிறவரிடம் போய் இது உங்கள் ‘நிலவழி மொழியுரிமை’ என்றால் அடிக்க வருவார்.